குறையுடைய மாந்தர்: இரு நாட்டுச் சிறுகதைகள்

1912-ஆம் ஆண்டு இலக்கிய உலகிற்கு இரண்டு குழந்தைகளைத் தந்தது. அவ்வாண்டு மே மாதத்தில், அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் குயின்சி என்னும் ஊரில் ஜான் சீவர் பிறந்தார். செப்டம்பர் மாதத்தில், நம் கம்பம் பள்ளத்தாக்கில் சின்னமனூரில் சி. சு. செல்லப்பா பிறந்தார். செல்லப்பா வளர்ந்தது வத்தலகுண்டில். வாழ்ந்து எழுதியது பெரும்பாலும் சென்னையில். ஆயினும் அவர் பெயரின் முதலெழுத்தில் சின்னமனூர் கடைசி வரை நிலைத்திருந்தது.

இவ்விருவரையும் ஒருசேர நினைக்க எனக்குக் காரணம் உண்டு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' என்னும் இதழைத் தொடங்கினார். ஒரு கதையை 'நன்று', 'தீது' என்று ஒரு சொல்லில் தள்ளிவிடாமல், அதன் உறுப்புகளைப் பிரித்துப் பார்த்து, அது எவ்வாறு இயங்குகிறது என்று காண வேண்டும் என்பது அவர் கொள்கை. அலசல் என்று அவர் பெயரிட்ட அந்த முறைக்கு அமெரிக்கத் திறனாய்வாளரிடமிருந்து அவர் ஊக்கம் பெற்றார். அங்கிருந்து அவர் கொண்டுவந்த கண்ணாடியை அணிந்துகொண்டு, அந்நாட்டுக் கதைகளையும் நம் கதைகளையும் அருகருகே வைத்துப் பார்ப்பது பொருத்தமே என்று கருதுகிறேன்.

நான் ஆசிரியர் பயிற்சி பெற்ற நாளில், கதை சொல்லி முடித்ததும் அதன் நீதியைக் கரும்பலகையில் ஒரு வரியாக எழுத வேண்டும் என்று பழக்கினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவ்வாறே எழுதினேன். ஓய்வு பெற்ற பின், மதுரையில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஜான் சீவரின் கதைத் தொகுதி கிடைத்தது. ஒவ்வொரு கதையையும் படித்து முடித்துக் கரும்பலகையில் எழுதுவதற்கான வரியைத் தேடினேன். கிடைக்கவில்லை. பின்னர் நம் புதுமைப்பித்தனையும் தி. ஜானகிராமனையும் மீண்டும் எடுத்துப் படித்தேன். அங்கும் கிடைக்கவில்லை. நீதி கிடைக்காத இடத்தில் வேறொன்று கிடைத்தது. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

தமிழில் குற்றம் என்றும் குறை என்றும் இரண்டு சொற்கள் உள்ளன. குற்றத்திற்குச் சட்டம் உண்டு, சாட்சி உண்டு, தண்டனை உண்டு. குறைக்கு இவை எவையும் இல்லை. பொறாமை, கோழைத்தனம், சிறு பொய், நாளைக்கு என்று தள்ளிப்போடும் சோம்பல், தன்னைப் பெரியவனாகக் காட்டிக்கொள்ளும் ஆசை ஆகியவற்றை எந்த நீதிமன்றமும் விசாரிப்பதில்லை. இவற்றை விசாரிக்கும் இடமாக இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் சிறுகதை வளர்ந்தது. அமெரிக்காவிலும் தமிழ்நாட்டிலும் ஏறத்தாழ ஒரே காலத்தில் இது நிகழ்ந்தது. இதற்கு வரலாற்றுக் காரணங்கள் உண்டு.

முதலில் அமெரிக்காவை நோக்குவோம். இரண்டாம் உலகப் போர் முடிவதற்கு முன்பே, 1944-இல், போர்வீரர்களுக்கென அந்நாடு ஒரு சட்டம் இயற்றியது. திரும்பி வருவோர் படிக்கவும், வீடு வாங்கக் கடன் பெறவும் அச்சட்டம் வழி செய்தது. 1947-இல் நியூயார்க் நகருக்குக் கிழக்கே லாங் ஐலண்டில், உருளைக்கிழங்கு விளைந்த நிலங்களில், லெவிட் நிறுவனத்தார் ஒரே அச்சில் வார்த்தாற்போன்ற வீடுகளை எழுப்பலாயினர். சில ஆண்டுகளில் 17,000-க்கு மேற்பட்ட வீடுகள் அங்கே நிறைந்தன. லெவிட்டவுன் என்று அதற்குப் பெயராயிற்று. கருப்பின மக்களுக்கு அங்கே வீடு விற்கப்படவில்லை என்பதையும் மறவாமல் சொல்ல வேண்டும். ஊரில் யார் எந்தத் தெருவில் இருக்கலாம் என்று சாதி பார்த்து வகுத்த நமக்கு அந்த அநீதியைப் புரிந்துகொள்வது கடினமன்று. 1956-இல் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. நகரைச் சுற்றிப் புறநகர்கள் மேலும் பரந்தன.

சீவர் எழுதிய புறநகர்கள் லெவிட்டவுனைவிடச் செல்வம் மிக்கவை. நியூயார்க்கிற்கு வடக்கே, ஹட்சன் ஆற்றங்கரையை ஒட்டிய பகுதியில் 1951 முதல் அவரே குடியிருந்தார். காலையில் ரயிலேறி நகரத்து அலுவலகத்திற்குச் சென்று, மாலை ரயிலில் திரும்பும் ஆடவர். வெட்டிச் சீராக்கிய புல்வெளி. வாரக் கடைசியில் விருந்து. எல்லாருக்கும் எல்லாரையும் தெரியும் என்னும் தோற்றம். அந்தத் தோற்றத்திற்குள் நுழைந்து பார்த்தவர் சீவர்.

அவருடைய மாந்தர் மூவரைக் காண்போம்.

முதலாமவன் ஜானி ஹேக். 1956-இல் வெளிவந்த 'ஷேடி ஹில் கன்னக்காரன்' என்று நாம் பெயர் சொல்லத்தக்க கதையின் நாயகன். வேலையை இழந்து, தனியாகத் தொழில் தொடங்கி, கையிலிருந்த பணம் கரைந்து, அதை மனைவிக்கும் சொல்லாமல் மறைக்கிறான். ஓர் இரவு, தான் விருந்துண்ட அண்டை வீட்டிற்குள் புகுந்து, உறங்குகிறவனின் பணப்பையை எடுத்துவிடுகிறான். பையில் 900 டாலர் இருக்கிறது. அதன்பின் உலகெங்கும் திருட்டே அவன் கண்ணில் படுகிறது. செய்தித்தாளில் திருட்டு, உணவகத்தில் திருட்டு. கடைசியில் பழைய வேலை திரும்பக் கிடைக்கிறது. முன்பணம் வாங்கி, அதே 900 டாலரை உறையில் இட்டு, இரவில் சென்று அந்த வீட்டின் சமையலறையில் வைத்துவிட்டு வருகிறான். தெருவில் காவலர் எதிர்ப்பட்டு, இந்நேரத்தில் இங்கென்ன வேலை என்று கேட்கின்றனர். நாயை உலாவ விட வந்தேன் என்கிறான். நாயே இல்லை. காவலர் அதைப் பார்ப்பதுமில்லை. இல்லாத நாயைப் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டே அவன் இருளில் நடக்கிறான். இந்த நாயை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னர் அது நமக்கு வேண்டியிருக்கும்.

இரண்டாமவன் பிரான்சிஸ் வீட். 1954-இல் வந்த கதையில் இவன் வருகிறான். இவன் ஏறிய விமானம் பழுதாகி வயலில் இறங்குகிறது. உயிர் பிழைத்து வீடு வந்து சேர்கிறான். அதைச் சொல்லக் கேட்பாரில்லை. குழந்தைகள் சண்டையிடுகின்றன, மனைவி இரவு உணவில் முனைந்திருக்கிறாள். சில நாளில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ள வந்த இளம்பெண் மீது இவன் மனம் போகிறது. அவளை மணக்கவிருக்கும் இளைஞனுக்கு ஒரு வேலை வேண்டும். நண்பர் ஒருவர் இவனிடம் கருத்துக் கேட்கிறார். பொறாமையால் அந்த இளைஞனைப் பற்றி அவதூறு சொல்லி, அவன் பிழைப்பைக் கெடுத்துவிடுகிறான். கதையில் இதற்குப் பெரிய ஆரவாரம் இல்லை. சில வரிகளில் முடிந்துவிடும் செயல். நான் முதன்முறை படித்தபோது இந்த இடத்தில் புத்தகத்தை மூடி வைத்தேன். ஏன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாமவன் நெட்டி மெரில். 1964-இல் வந்த 'நீச்சல்காரன்' கதை இவனுடையது. ஒரு கோடைப் பிற்பகலில், அண்டை அயலாரின் நீச்சல் குளங்கள் வழியாகவே எட்டு மைல் கடந்து வீடு சேர்வேன் என்று விளையாட்டாகப் புறப்படுகிறான். போகப்போக வரவேற்பு குறைகிறது. காற்றில் குளிர் ஏறுகிறது. பலரும் இவனுக்கு நேர்ந்த துன்பத்தைப் பற்றிப் பேசுகின்றனர். இவனுக்கோ ஒன்றும் நினைவில்லை. வீட்டை அடையும்போது கதவு பூட்டிக் கிடக்கிறது; உள்ளே ஒருவரும் இல்லை. ஒரு பிற்பகலில் பல ஆண்டுகள் கழிந்துவிட்டன போலும். தன்னையே ஏமாற்றிக்கொள்வது எவ்வளவு தூரம் ஒருவனை அழைத்துச் செல்லும் என்பதற்கு அந்த எட்டு மைல் ஓர் அளவு.

இனி நம் நாட்டைக் காண்போம். சென்னையில் 1931-இல் கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மாம்பலத்தில் தியாகராய நகர் உருவாகி வந்தது. ஊரை விட்டு வந்த படித்த இளைஞரும், கடைச் சிப்பந்திகளும், எழுத்தாளரும் நகரின் ஓரங்களில் ஒட்டுக் குடித்தனம் புகுந்தனர். அமெரிக்கப் புறநகர் செழிப்பினால் பிறந்தது. நம் புறநகரோ பெருமளவுக்கு வாடகைக் குறைவினால் பிறந்தது. இந்த வேறுபாட்டை முதலிலேயே மனங்கொள்ள வேண்டும்.

1933-இல் 'மணிக்கொடி' தோன்றியது. 1935-இல் வத்தலகுண்டு பி. எஸ். ராமையா அதனைச் சிறுகதைக்கென்றே நடத்த முற்பட்டார். அந்தக் களத்தில் எழுதியவர்களுள் தலையாயவர் புதுமைப்பித்தன். 1906-இல் பிறந்து 1948-இல் மறைந்த அவர், நகரத்து ஓரங்களில் வாழ்ந்த அந்த மனிதனை நன்கு அறிந்தவர். தாமே அவ்வாறு வாழ்ந்தவர்.

1937-இல் வந்த 'ஒரு நாள் கழிந்தது' கதையில் முருகதாசர் என்னும் எழுத்தாளர் வருகிறார். மளிகைக் கடன் நிற்கிறது. வீட்டில் காப்பிப் பொடி இல்லை. நண்பர் வருகிறார். மூன்று ரூபாய் கேட்டு எட்டணா பெறுகிறார். அந்த நாள் கழிகிறது. அடுத்த தவணை நாளை அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கதை நிற்கிறது. முருகதாசர் திருடவில்லை. ஆனால் கடன் கேட்பதற்குமுன் பேச்சை எங்கெங்கோ சுற்றிக் கொண்டுபோகும் அந்தத் தயக்கத்தில், மானமும் பொய்யும் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நிற்பதைக் காண்கிறோம். ஜானி ஹேக்கின் 900 டாலரும் முருகதாசரின் 3 ரூபாயும் தொகையில் வேறு. இருவரையும் வருத்துவது ஒரே அச்சமே: தாம் சிறுத்துப்போனது பிறர் கண்ணுக்குத் தெரிந்துவிடுமோ என்னும் அச்சம்.

1943-இல் வந்த 'செல்லம்மாள்' இன்னும் ஆழமானது. பிரமநாயகம் பிள்ளை சென்னையில் ஒரு துணிக்கடைச் சிப்பந்தி. நகரின் எல்லைக்கு அப்பால் குடியிருப்பவர். விடியலில் போய் இரவில் திரும்புகிறவர். மனைவி நோயாளி. ஊருக்குப் போக வேண்டும் என்னும் அவள் ஆசை தள்ளிப் போய்க்கொண்டே இருக்கிறது. கதை அவள் மரணத்தில் தொடங்குகிறது. இரவில் உடலருகே தனித்திருக்கும் அவரிடம் அழுகை பீறிட்டு எழவில்லை. அன்பில்லாதவரா? அல்லர், அவளுக்குத் தாமே தாதியாய் இருந்தவர். ஆயினும் பல ஆண்டு வறுமையும் நோயும் அன்பைத் தேய்த்துக் கடமையாக்கிவிட்டன. பிரான்சிஸ் வீட்டுக்குத் தன் மரண அபாயத்தைச் சொல்ல வீட்டில் ஆள் இருந்தும் செவி இல்லை. பிரமநாயகம் பிள்ளைக்குத் தம் துயரைச் சொல்ல அருகே உறவு இல்லை. ஊரையும் உறவையும் விட்டு, நகரத்தின் ஓரத்தில் சம்பளத்தை நம்பி வாழும் வாழ்வு இரண்டு நாட்டிலும் ஒரே தனிமையை ஈன்றது.

அதே 1943-இல் வந்த 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிரிக்க வைக்கும் கதை. டிராமா, பஸ்ஸா, நடையா என்று காசைக் கணக்கிட்டுத் தெருமுனையில் நிற்கும் பத்திரிகைக்காரரிடம் கடவுளே வந்து சேர்கிறார். கந்தசாமிப் பிள்ளை அவரைக் காப்பிக் கடைக்கு அழைத்துப் போகிறார். தம் வைத்தியப் பத்திரிகைக்கு ஆயுள் சந்தாவும் கேட்கிறார். கடவுளிடமும் வரவு செலவு பார்க்கும் அந்த மனத்தை ஆசிரியர் வெறுக்கவில்லை. அதில் ஒரு துணிச்சலையும் கண்டு மகிழ்கிறார்.

தி. ஜானகிராமனின் 'பாயசம்' நகரக் கதையன்று. ஆயினும் பொறாமையைப் பேசுவதால் இங்கே சேர்க்கிறேன். முதியவர் ஒருவர், தம்மைவிட உயர்ந்துவிட்ட உறவினன் வீட்டுத் திருமணத்தில், அண்டா நிறைந்த பாயசத்தைக் கவிழ்த்துவிட்டு, எலி கிடந்தது என்கிறார். அந்த எலியும் ஜானி ஹேக்கின் நாயும் ஓரினம். இரண்டும் இல்லாதவை, இரண்டும் பொய்க்குத் துணையாக வந்தவை. ஜானகிராமன் பள்ளி ஆசிரியராக இருந்து, பின்னர் வானொலியில் கல்வி ஒலிபரப்பில் பணியாற்றியவர் என்பதை இந்த இடத்தில் நன்றியோடு நினைக்கிறேன். அவரும் அந்தக் கதையின் அடியில் நீதி எழுதவில்லை.

இப்பொழுது ஒப்பிட்டுப் பார்க்கலாம். இரு நாட்டுக் கதைகளிலும் பொதுவாய் இருப்பது, தண்டனை இல்லாமை. ஹேக் பிடிபடவில்லை. வீட் சிறை புகவில்லை. மனநல மருத்துவரிடம் செல்கிறான், மரவேலை செய்து மனத்தை ஆற்றிக்கொள்கிறான். முருகதாசர் பொழுதைக் கழித்துவிடுகிறார். கதாசிரியர் தீர்ப்புக் கூறாமல் விலகி நிற்கிறார். தீர்ப்பு இல்லாததால் குறை நம் முன்னே திறந்து கிடக்கிறது; வாசகன் அதைத் தன்னோடு வைத்துப் பார்க்க நேர்கிறது. தண்டனை பெற்றுவிட்ட பாத்திரத்திடமிருந்து நாம் எளிதில் விடைபெற்று விடுகிறோம். தண்டனை பெறாதவன் நம்மோடு வீட்டிற்கு வந்துவிடுகிறான்.

வேறுபாடு எங்கே? பிறர் கண்களில் இருக்கிறது. அமெரிக்கப் புறநகரில் வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே புல்வெளி உண்டு. குறை அதன் பின்னே மறைந்து வாழலாம். காவலரும் நாயைத் தேடுவதில்லை. நம் ஒட்டுக் குடித்தனத்தில் சுவர் ஒன்றுதான். முருகதாசர் வீட்டில் காப்பிப் பொடி தீர்ந்தது அடுத்த வீட்டுக்குத் தெரியும். எனவே சீவரின் மாந்தர் வெளிப்பட்டுவிடுவோமோ என்று அஞ்சுகின்றனர். நம் மாந்தரோ, ஏற்கனவே வெளிப்பட்ட பின்னும் வெளிப்படாதது போல நடந்துகொள்ள வேண்டியிருக்கிறது. பார்த்தவர்களும் பாராதது போல இருந்து உதவுகிறார்கள். இது நம் நாகரிகத்தின் ஒரு பகுதி என்றே சொல்வேன்.

இரு தரப்புக்கும் பொதுவான ஒரு போதாமையையும் சொல்லாது விடலாகாது. நான் குறித்த கதைகள் யாவும் ஆடவர் எழுதியவை. அவற்றில் மனைவியர் பெரும்பாலும் பார்க்கிறார்கள், பொறுக்கிறார்கள். அவர்கள் பார்த்தது என்ன என்பதை அறிய, ஆர். சூடாமணி போன்றோர் எழுத்துக்குச் செல்ல வேண்டும்.

இவ்வளவும் சென்னைக்கும் நியூயார்க்கிற்கும் உரியவை. நம் பள்ளத்தாக்குக்கு இவற்றால் ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். 1895-இல் பெரியாற்று அணை முடிந்து, மலைக்கு மேற்கே ஓடிய நீர் கிழக்கே திரும்பியது முதல், கூடலூரிலிருந்து வீரபாண்டி வரை வயல் செழித்தது. நம் பெருமை நிலத்தில் இருந்தது. குறையும் நிலத்தின் வழியே வந்தது. இதற்குச் செல்லப்பாவின் 'வாடிவாசல்' ஒரு சான்று. அக்குறுநாவலில் ஜமீன்தாரின் காரி என்னும் காளையைப் பிச்சி என்னும் இளைஞன் அணைந்து வெல்கிறான். மதிப்பிழந்த காளையை ஜமீன்தார் சுட்டுக் கொல்கிறார். ஊர் முழுதும் பார்த்துக்கொண்டிருக்க, ஒரு பெரிய மனிதர் தம் அவமானத்தை ஒரு வாயில்லா உயிரின் மேல் இறக்கி வைக்கிறார். செல்லப்பா அங்கே ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. கண்டித்திருந்தால் அந்தக் குண்டின் ஓசை இவ்வளவு நாள் கேட்டிராது.

காலம் மாறிற்று. 1996-இல் தேனி தனி மாவட்டமாயிற்று. அலுவலகங்கள் வந்தன, சம்பளக்காரர் பெருகினர். தேனியைச் சுற்றித் தோப்பும் புஞ்சையும் மனைகளாகி, 'நகர்' என்று முடியும் பெயர்கள் கொண்ட தெருக்கள் எழுந்தன. விடியற்காலையில் கம்பத்திலிருந்தும் போடியிலிருந்தும் ஏலத் தோட்டங்களுக்கு ஜீப்புகளில் நெருங்கி அமர்ந்து மலையேறி, பொழுது சாயத் திரும்பும் கூலிப் பெண்களையும் நாம் அறிவோம். வேலை ஓரிடம், வீடு ஓரிடம் என்னும் வாழ்வு நமக்கும் வந்துவிட்டது. ஆகவே அந்தக் கதைகளும் நமக்கு உரியனவாகிவிட்டன.

எனக்கு உரியனவான விதத்தையும் சொல்லிவிடுகிறேன். பிரான்சிஸ் வீட்டின் கதையில் புத்தகத்தை மூடினேன் என்றேன் அல்லவா?

நான் தலைமையாசிரியனாக இருந்த ஒரு பள்ளியில், பெற்றோர் ஆசிரியர் கழகத்தின் சார்பில் ஓர் இளைஞர் தற்காலிகமாகக் கணக்குப் பாடம் நடத்தினார். பள்ளி விட்ட பிறகும் வேப்ப மரத்தடியில் பிள்ளைகள் அவரைச் சூழ்ந்திருப்பார்கள். விழா நாளில் அவர் பெயரைச் சொன்னதும் எழுந்த கைதட்டல், என் பெயருக்கு எழுந்ததைவிடப் பெரிதாய் இருந்தது. அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆண்டு முடிவில் அவர் வேறோர் இடத்தில் நிரந்தர வேலைக்கு மனுச் செய்தார். அங்கிருந்து என்னைத் தொலைபேசியில் அழைத்து, ஆள் எப்படி என்று கேட்டார்கள். நல்ல பிள்ளைதான், ஆனால் நேரத்திற்கு வருவதில்லை என்றேன்.

அந்த ஆண்டு முழுவதிலும் அவர் நான்கு முறை தாமதித்திருந்தார். அவர் ஊர்ப் பேருந்து மணிக்கு ஒன்றுதான் என்பதும் எனக்குத் தெரியும். நான் சொன்ன சொல் பொய்யன்று. வருகைப் பதிவேட்டைக் காட்டி மெய்ப்பிக்கலாம். ஆயினும் மெய்யான சொல்லைக் கொண்டே ஒருவரைக் கெடுக்க முடியும் என்பதை அன்று செய்து காட்டினேன். அவருக்கு அந்த வேலை கிடைக்கவில்லை. போடியில் ஓர் ஏலக்காய்க் கடையில் கணக்கெழுதச் சென்றார். அதன் பிறகும் எங்கே கண்டாலும் கைகூப்பி, 'ஐயா நலமா?' என்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று பல ஆண்டுகள் நம்பியிருந்தேன். நானும் இல்லாத நாய் ஒன்றை அழைத்துக்கொண்டே நடந்திருக்கிறேன்.

சீவரின் கதையைப் படித்த சில வாரங்களுக்குப் பின் போடிக்குச் சென்றேன். ஏல மணம் நிறைந்த அந்தக் கடையின் உள்ளறையில் அமர்ந்து, நடந்ததைச் சொன்னேன். அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "தெரியும் ஐயா. அன்றைக்கே அங்கிருந்த ஒருவர் சொல்லிவிட்டார்" என்றார். சிறிது நேரம் இருவரும் பேசவில்லை. பிறகு பையனை அழைத்து இரண்டு தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை. அவர் இழந்த பள்ளிக்கூடத்தை எந்தச் சொல்லாலும் நான் திருப்பித் தர இயலாது. ஜானி ஹேக்குக்கு உறையில் வைத்துத் திருப்பித் தர 900 டாலர் இருந்தது. என் கையில் அத்தகையது ஒன்றுமில்லை. ஆயினும் அன்று ஒன்றை அறிந்தேன். இத்தனை ஆண்டு அவர் கைகூப்பியபோதெல்லாம், என் குறையைப் பார்த்துக்கொண்டே கைகூப்பியிருக்கிறார்.

சிறுகதையைப் படிப்பதனால் மனிதன் திருந்திவிடுவான் என்று நான் சொல்ல வரவில்லை. முப்பது ஆண்டு நீதி எழுதியவன் செய்ததைத்தான் கேட்டீர்களே. ஆனால் பிறர் கதையில் தன் குறையை அடையாளம் கண்டுகொள்ளும் கண் ஒன்று உண்டு. அதை ஜான் சீவரும் புதுமைப்பித்தனும் ஜானகிராமனும் எனக்குத் தந்தார்கள். எவ்வாறு பார்ப்பது என்பதைச் சின்னமனூரில் பிறந்தவர் கற்பித்தார். நம் ஊர் நூலகங்களில் புதுமைப்பித்தன் கதைகள் உள்ளன. மாணவரும் ஆசிரியரும் அவற்றைப் படிக்க வேண்டும். வகுப்பில் சொல்லும் ஆசிரியர்க்கு ஒரு சிறு வேண்டுகோள்: கதை முடிந்ததும், நீதி எழுதும் இடத்தைக் கரும்பலகையில் ஒருநாளேனும் வெறுமையாக விட்டுவையுங்கள்.